நில நத்தைகள்: வகையும் இயல்பும்

மழைக்காலம் தொடங்கியதும் வேலியோரங்களிலும், கிணற்றுச் சுவர்களிலும், வாழைத் தோட்டங்களிலும் நத்தைகள் தோன்றுவதை யாவரும் அறிவர். காலையில் எழுந்து பார்த்தால் முற்றத்தில் வெள்ளிக் கோடு இழுத்தாற்போல் அவை ஊர்ந்த தடம் மின்னும். ஆனால் நத்தை என்ற ஒரே பெயரால் நாம் அழைக்கும் பிராணிகளுள் எத்தனை வகை உண்டு, அவற்றுள் எது பயிருக்குக் கேடு செய்வது, எது தீங்கற்றது என்பதைப் பகுத்தறிந்தவர் சிலரே. இந்தப் பகுப்பு வெறும் ஏட்டறிவு அன்று. அந்நிய நாட்டிலிருந்து வந்த ஒரு நத்தை இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் தோட்டக்காரருக்குப் பெருந்தொல்லையாக இருக்கிறது. அது நம் எல்லைக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே இனங்கண்டுகொள்ளும் ஊர் தப்பித்துக்கொள்ளும். கண்டுகொள்ளாத ஊர் பல ஆண்டுகள் பாடுபட நேரும். அன்றியும், இனம் அறியாமல் கண்ட நத்தையையெல்லாம் கொல்லப் புகுந்தால், மண்ணுக்கு உதவி செய்யும் உள்ளூர் உயிர்கள் அழிந்து, அழிய வேண்டியது மட்டும் மிஞ்சுவதும் உண்டு.

நத்தை எவ்வகைப் பிராணி?

உடலில் எலும்பு இல்லாத, மென்மையான தசையால் ஆன பிராணிகளை மெல்லுடலிகள் என்பர். கடலில் வாழும் சங்கு, சிப்பி, கணவாய் ஆகியவை எல்லாம் இந்தப் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. இக்குலத்துள் வயிற்றின் அடிப்புறமே பாதமாக அமைந்து, அதனால் ஊர்ந்து செல்பவை வயிற்றுக்காலிகள் எனப்படும். நத்தை வயிற்றுக்காலி வகுப்பைச் சேர்ந்தது. ஆதியில் கடலில் மட்டுமே இருந்த இவ்வகுப்பில் சில கிளைகள் ஆற்றுக்கும் குளத்துக்கும் ஏறின. வேறு சில கிளைகள் நீரை விட்டே நீங்கித் தரையில் குடியேறின. இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நில நத்தை இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் 250க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் காணப்படாதவை.

தமிழர்கள் நத்தையைப் பண்டு தொட்டே உற்று நோக்கியவர்கள். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும்போது, நத்தையினத்தைக் குறிக்கும் 'நந்து' என்பதை ஈரறிவு உயிர்களுள் வைக்கிறது. தொடு உணர்வும் சுவை உணர்வும் அதற்குண்டு என்பது கருத்து. தற்கால ஆராய்ச்சி இதனோடு மோப்பத்தையும், ஒளியையும் இருளையும் பிரித்தறியும் ஆற்றலையும் சேர்த்திருக்கிறது. ஆனால் நத்தையின் வாழ்க்கையில் தொடுதலும் சுவைத்தலுமே தலையாயவை என்பது இன்றும் பொருந்துவதாகவே இருக்கிறது.

ஓடும் உடலும்

நத்தையின் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. உடலை மூடியிருக்கும் மேன்டில் என்னும் தசைப் போர்வையின் விளிம்பே ஓட்டை உண்டாக்குகிறது. நத்தை வளர வளர, ஓட்டின் வாயோரத்தில் புதிய சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும். ஆகையால் ஓட்டின் நுனியில் காணும் மிகச் சிறிய சுருள், அந்த நத்தை முட்டையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த ஓடுதான். குழந்தையின் சட்டையைக் கழற்றாமல் அதையே நீட்டித் தைத்துக்கொண்டு போவது போன்றது இது. ஓட்டை விட்டு நத்தை வெளியே வந்து வேறு ஓட்டில் புகும் என்று சிலர் சொல்வது தவறு. அவ்வாறு செய்வது கடற்கரையில் காணும் ஒருவகை நண்டு. நத்தையின் உடல் ஓட்டின் நடுத்தண்டோடு தசையால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிரித்தால் இறந்துபோகும்.

ஓட்டை நுனி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்கும்படி பிடித்துப் பார்த்தால், வாய் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். இதனை அறிவியலார் வலச்சுருள் என்பர். இடப்பக்கம் வாய் உள்ளவை மிகச் சிலவே. ஈண்டு ஒரு வேடிக்கை: நாம் பெருமதிப்போடு போற்றும் வலம்புரிச் சங்கு, அறிவியலாரின் கணக்கில் இடச்சுருள். பிடித்துப் பார்க்கும் முறை வேறுபடுவதால் பெயரும் மாறிவிட்டது. சங்கின் அருமை மாறவில்லை.

தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் உண்டு. மேலே உள்ள நீண்ட இணையின் நுனியில் கண்கள் அமைந்திருக்கும். கீழே உள்ள குட்டை இணை, செல்லும் வழியை மோந்தும் சுவைத்தும் பார்க்க உதவும். தொட்டவுடன் கொம்புகள் கையுறையின் விரலை உள்ளே இழுப்பதுபோல் உட்புறமாகச் சுருளும். வாயினுள் அரம் போன்ற நாக்கு இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையாக நிற்கும். அந்த அரத்தால் இலையையும் பாசியையும் மென்பட்டையையும் சுரண்டித் தின்கிறது. வாழைக் குருத்திலோ கத்தரி இலையிலோ ஒழுங்கற்ற துளைகள் இருந்து, அருகே உலர்ந்த பளபளப்பான தடமும் காணப்பட்டால், தின்றது புழுவன்று, நத்தையே என்று கொள்ளலாம்.

தரை நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செவுள் கிடையாது. மேன்டிலின் உட்குழி இரத்த நாளங்கள் நிறைந்து நுரையீரலாகப் பயன்படுகிறது. ஓட்டின் விளிம்பையொட்டி ஒரு சிறு துளை திறந்து மூடுவதைக் காணலாம். அதுவே சுவாசத் துளை. நத்தை ஊர்வதற்குப் பாதத்தில் தசை அலைகள் எழுகின்றன. பாதத்தின் முன்புறச் சுரப்பி கோழையைச் சுரந்து பாதை அமைத்துக் கொடுக்கும். கோழையை உண்டாக்க நீர் வேண்டும். ஆதலால்தான் நத்தை இரவிலும் மழை நாளிலும் மட்டும் நடமாடுகிறது.

கோடை வந்ததும் நத்தை நிழலான இடம் தேடி ஒடுங்கி, ஓட்டின் வாயை உலர்ந்த சவ்வால் அடைத்துக்கொண்டு உறங்கும். சவ்வில் சுண்ணாம்பு கலந்து கெட்டியாகிவிடுவதும் உண்டு. உண்ணாமலும் பருகாமலும் பல மாதங்கள் இவ்வாறு கிடந்து, முதல் மழையின் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். கோடையில் நத்தை காணவில்லை என்பதால் ஒழிந்துவிட்டது என்று நினைப்பது பெரும் ஏமாற்றத்தில் முடியும்.

பகுப்பு

நில நத்தைகளைப் பாகுபடுத்த நுணுக்கமான உடற்கூற்று ஆராய்ச்சி தேவை. ஆங்கிலேயர் ஆட்சியில் பிளான்ஃபோர்டும் காட்வின் ஆஸ்டினும் 1908இல் ஒரு தொகுதியும், பின்னர் கியூட் என்பவர் 1914இலும் 1921இலும் இரு தொகுதிகளும் இந்திய நில நத்தைகளைப் பற்றி வெளியிட்டனர். அவை இன்றும் பயன்படுகின்றன. நமக்கு அந்த அளவு நுணுக்கம் வேண்டுவதில்லை. வயல்வெளியில் கண்ணால் பார்த்தே பிரிக்கக்கூடிய சில பிரிவுகளை அறிந்தால் போதும்.

முதலாவது, மூடியுள்ள நத்தைகள். இவற்றின் பாதத்தின் பின்புறத்தில் தட்டுப் போன்ற ஒரு மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். நத்தை உள்ளே இழுத்துக்கொண்டதும் அந்த மூடி கதவுபோல் வாயை அடைக்கும். இவற்றுக்கு ஓர் இணைக் கொம்புகளே உண்டு. கண்கள் கொம்பின் நுனியில் அல்லாமல் அடியில் இருக்கும். ஆண் பெண் வேறு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சருகுகளிடையே இவை மிகுதி. உதிர்ந்து மக்கும் இலைகளையும் பாசியையும் தின்பவை. பயிருக்கு இவற்றால் கேடில்லை.

வயலிலும் குளத்திலும் காணும் பெரிய உருண்டை நத்தைக்கும் மூடி உண்டு. நம் மக்கள் எடுத்துச் சமைத்து உண்ணும் வயல் நத்தை இதுவே. ஆனால் அது நீர்வாழ் நத்தை. நில நத்தை ஆகாது. செவுளும் நுரையீரலும் இரண்டும் அமைந்திருப்பதால் வயல் வற்றினாலும் சேற்றுக்குள் புதைந்து உயிர் தாங்கும். இந்த வேறுபாடு அடுத்து வருவதற்கு முக்கியமானது; நினைவில் கொள்க.

இரண்டாவது, மூடியற்ற நுரையீரல் நத்தைகள். நம் தோட்டங்களில் காணப்படுபவை பெரும்பாலும் இவையே. ஒவ்வொரு நத்தையிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்திருக்கும். இரண்டு நத்தைகள் இணைந்தால் இரண்டுமே முட்டையிடக்கூடும்.

இப்பிரிவில் சமவெளித் தோட்டங்களில் மிகவும் அறிமுகமானது, உயரத்தைக் காட்டிலும் அகலம் மிகுந்த, ஒருபுறம் சற்றே தட்டையான ஓடுடையது. வெளிறிய பழுப்பு நிறத்தில் வளைந்து செல்லும் கருங்கோடு கொண்டிருக்கும். குறுக்களவு சுமார் 3 செ.மீ. அறிவியலார் கிரிப்டோசோனா என்று பெயரிட்டுள்ளனர். மழை மிகுந்த ஆண்டுகளில் இளநாற்றுகளையும் காய்கறிச் செடிகளையும் இது தின்பதுண்டு. ஆயினும் கட்டுமீறிப் பெருகுவது அருமை. இதைவிடச் சிறியதாய், மெல்லிய கண்ணாடிபோல் வழவழப்பும் தேன்நிறமும் உடைய மேக்ரோக்ளாமிஸ் என்னும் நத்தை ஈரமான தோட்டங்களில் உண்டு. கீரைப் பாத்தியிலும் பூந்தோட்டத்திலும் சிற்சில வேளை இதனால் நட்டம் நேரும்.

உலர்ந்த நிலங்களில் மரத்தண்டிலும் முட்செடியிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கோடையைக் கழிக்கும் சிறு கூம்பு நத்தைகளும், பூந்தொட்டியின் மண்ணில் ஊசிபோல் நீண்டு ஒரு செ.மீ. நீளத்துக்கு உட்பட்டிருக்கும் நத்தைகளும் வேறு. இவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மேற்கு மலைகளின் மழைக்காட்டில் இந்திரெல்லா என்ற ஒரு நத்தை வாழ்கிறது. செந்நிறமோ மஞ்சள் நிறமோ கொண்ட பருத்த உடலுக்கு அதன் மெல்லிய ஓடு போதாதது போலத் தோன்றும். உலகில் வேறெங்கும் இல்லாத செல்வம் அது. கண்டால் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, ஓடில்லா நத்தைகள். இவை ஓட்டை இழந்தவை அல்ல; பரம்பரையாகவே ஓடு குறுகி மறைந்துபோன இனங்கள். கருத்த தோல் பட்டைபோல் தரையோடு தரையாகக் கிடக்கும் ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. நாற்றங்கால்களிலும் பூச்செடிகளிலும் இரவில் மேயும். ஓடு இல்லாமையால் விரைவில் உலர்ந்துவிடும். எனவே கல், பலகை, சாக்கு ஆகியவற்றின் அடியில் பகலைக் கழிக்கும்.

அந்நிய நத்தை

இனி, இக்கட்டுரையின் முதன்மையான பொருளுக்கு வருவோம். ஆப்பிரிக்கப் பெருநத்தை என்று வழங்கப்படுவது, லிசாக்கட்டினா ஃபூலிக்கா என்னும் இனம். கிழக்காப்பிரிக்கக் கரையோரம் இதன் தாயகம். அங்கிருந்து மடகாஸ்கருக்கும் மொரீஷியசுக்கும் சென்றது. 1847இல் பென்சன் என்ற நத்தை ஆராய்ச்சியாளர் மொரீஷியசிலிருந்து இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கித் தோட்டத்தில் விடப்பட்ட அந்தச் சிலவே இந்தியாவில் இதன் தொடக்கம். 1900ஆம் ஆண்டையொட்டி இலங்கையில் பரவியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்திருந்த காலத்தில் அங்கும் நுழைந்தது. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் கேரளத்தின் பல மாவட்டங்களில் வீட்டுச் சுவர்களையே மூடும் அளவு பெருகியது. உலகில் மிகக் கேடான அந்நிய இனங்கள் நூறு என்று பன்னாட்டு அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் இதுவும் ஒன்று.

இதை அடையாளம் காண்பது கடினமன்று. வளர்ந்த நத்தையின் ஓடு சாதாரணமாக 5 முதல் 10 செ.மீ. நீளமிருக்கும், 20 செ.மீ. வரை வளர்வதும் உண்டு. அகலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளம், கூம்பு வடிவம், 7 முதல் 9 சுற்றுகள். பழுப்பு நிறத்தின்மேல் நுனியிலிருந்து வாய் நோக்கி ஒழுங்கற்ற கருங்கீற்றுகள் ஓடும். ஓட்டின் வாயை உற்றுப் பார்த்தால் உள்ளே தெரியும் நடுத்தண்டு அடியில் கத்தியால் வெட்டினாற்போல் திடீரென்று முடிந்திருக்கும். மூடி கிடையாது. வயல் நத்தையோ உருண்டை, மூடி உடையது, நீரை விட்டு அதிக தூரம் செல்லாதது. நம் தோட்ட நத்தையோ அகன்று தட்டையானது. எனவே கூம்பு வடிவில், கட்டைவிரலைவிடப் பெரிதாய், மூடியின்றி, தோட்டத்திலோ சுவரிலோ ஊர்வது எதுவாயினும் அதை ஐயத்துக்குரியதாகக் கொள்ளலாம்.

இது பெருகும் விதத்தை விவசாயிகள் நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுமார் ஆறு மாதத்தில் முட்டையிடும் பருவம் எய்துகிறது. ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டைகள் வரை ஈரமண்ணில் சிறு குழி தோண்டி இடும். ஆண்டுக்குப் பல தடவை இட்டு, ஆயிரத்துக்கு மேல் எட்டுவதுண்டு. முட்டை 4, 5 மி.மீ. அளவில், வெளிர்மஞ்சளாய், சவ்வரிசி முத்துப் போலிருக்கும். இரண்டு வாரத்துக்குச் சற்று முன்பின்னாகப் பொரியும். ஐந்தாறு ஆண்டுகள் உயிர் வாழும். எல்லாவற்றிலும் கொடியது என்னவெனில், ஒருமுறை இணைசேர்ந்த நத்தை அந்த விந்தணுவைச் சேமித்துவைத்துப் பல மாதங்கள் சென்றபின்னும் முட்டையிட வல்லது. எனவே ஒரு நத்தை வந்தாலும் ஒரு குடியே வந்ததாகக் கணக்கு.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1966இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து மையாமி நகரச் சிறுவன் ஒருவன் ஹவாய்த் தீவிலிருந்து திரும்பும்போது மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டியார் அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழாண்டுகளில் 18,000க்கு மேற்பட்ட நத்தைகள் பிடிபட்டன. அவற்றை முற்றிலும் ஒழிக்க ஏறக்குறைய பத்தாண்டுகளும் பத்து இலட்சம் டாலர்களும் செலவாயின. அதே மாநிலத்தில் 2011இல் மறுபடியும் தோன்றியது. 1,68,000க்கு மேற்பட்டவற்றைச் சேகரித்தபின் 2021இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மறு ஆண்டே, 2022இல், வேறொரு மாவட்டத்தில் தலை காட்டியது. பணமும் ஆட்படையும் மிக்க அரசாங்கத்துக்கே இந்தப் பாடு.

இது தின்னாத செடியைச் சொல்வது எளிது. பப்பாளி, வாழை, கத்தரி, வெண்டை, அவரை, முட்டைக்கோசு, செண்டுமல்லி, வெற்றிலைக் கொடி, காப்பி நாற்று, பாக்கு நாற்று என்று 500க்கு மேற்பட்ட செடிகளை மேயும். நாற்றுப் பருவத்தில் நேரும் நட்டமே மிகுதி. ஓர் இரவில் ஒரு பாத்தி வெறுந்தண்டாகிவிடும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருப்பதால் வெள்ளையடித்த சுவரையும் காரையையும் சுரண்டும். சுவரில் ஏறுவதன் காரணம் பலருக்கு விளங்காதிருந்தது இதுதான்.

உடல்நலம் பற்றிய எச்சரிக்கை

எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு நூற்புழு உண்டு. 1935இல் சீனாவின் காண்டன் நகர எலிகளில் கண்டறியப்பட்டது. 1945இல் தைவானில் முதன்முறையாக மனிதரிடம் காணப்பட்டது. எலியின் எச்சத்தோடு வெளிவரும் இதன் இளம்புழுக்கள் நத்தையின் உடலில் புகுந்து வளர்கின்றன. அந்த நத்தையை மீண்டும் எலி தின்றால் வட்டம் நிறைவுறும். நடுவில் மனிதன் பச்சை நத்தையைத் தின்றாலோ, குட்டி நத்தை ஒட்டிய கீரையைக் கழுவாமல் உண்டாலோ, புழு மூளைக்குச் சென்று மூளைச் சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும். கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, உடலில் எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். ஆப்பிரிக்க நத்தை மட்டுமின்றி ஓடில்லா நத்தையும், நீர் நத்தைகளும்கூட இப்புழுவைத் தாங்கும். நத்தை எல்லாவற்றிலும் புழு இருக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் இருப்பதையும் இல்லாததையும் கண்ணால் கண்டறிய இயலாது. எனவே குழந்தைகள் வெறுங்கையால் நத்தையைப் பிடித்து விளையாடாமல் தடுக்க வேண்டும். கீரையை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். வயல் நத்தையை உண்ணும் வழக்கமுள்ள ஊர்களில் நன்கு கொதிக்கவைத்தபின்பே உண்ண வேண்டும். மருந்து என்று சொல்லிப் பச்சையாக விழுங்குவதை அறவே விட்டொழிக்க வேண்டும்.

பகைக்குப் பகை

நத்தையைத் தின்னும் பிராணிகள் நம்மிடையே உண்டு. செம்போத்து நத்தையையும் அதன் முட்டையையும் விரும்பித் தின்னும். மின்மினியின் புழுக்கள் நத்தையைக் கடித்து மயக்கித் தின்பவை. இலங்கையில் ஒருவகைப் பெரிய மின்மினி ஆப்பிரிக்க நத்தையையே இரையாகக் கொள்வதை ஆராய்ந்திருக்கிறார்கள். வேலிப் புதர்களை ஒரேயடியாக வெட்டியெறிந்து, கண்டபடி பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டத்தில் செம்போத்தும் மின்மினியும் தங்குவதில்லை.

ஆனால் வெளிநாட்டிலிருந்து பகையைக் கொண்டுவந்து விடுவது வேறு காரியம். 1955இல் ஹவாய்த் தீவில், ஆப்பிரிக்க நத்தையைத் தின்னட்டும் என்று இளஞ்சிவப்பு ஓட்டு ஊனுண்ணி நத்தை ஒன்றை விட்டார்கள். 1977இல் தாகித்தியை அடுத்த மோரியா தீவிலும் விட்டார்கள். அது பெரிய ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளில் மட்டுமே வாழ்ந்த சிறு மர நத்தைகளைத் தேடித் தின்றது. பத்தாண்டுக்குள் மோரியாக் காட்டில் ஏழு இனங்கள் இல்லாமற்போயின. அந்நிய நத்தையோ முன்போலவே இருந்தது. ஆதலால் யாரேனும் 'நத்தை தின்னும் நத்தை' என்று சொல்லி எதையேனும் கொண்டுவந்தால் பஞ்சாயத்து அதை அனுமதிக்கலாகாது.

உள்ளூர் நத்தைகள் மக்கும் இலையைத் தின்று மண்ணுக்கு உரமாக்குபவை. பறவைகளுக்கு முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பும் அவற்றின் வழியே கிடைக்கிறது. நெதர்லாந்து நாட்டில் மண் புளிப்பேறி நத்தைகள் குறைந்தபோது, காட்டுச் சிட்டுகளின் முட்டை ஓடு மெலிந்து உடைந்ததை 1994இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

தடுப்பும் ஒழிப்பும்

நத்தை தானாக நெடுந்தூரம் செல்வதில்லை. மனிதனே சுமந்து செல்கிறான். நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் மண் தொட்டிகள், வெளியூர் மரத்தடிகள், வாழைக் கன்றுகள், தொழு உரம், கட்டட மண் ஆகியவற்றோடு முட்டையும் குட்டியும் வருகின்றன. நாற்றுகளை வாங்கியதும் தோட்டத்தில் இறக்காமல் ஓர் இடத்தில் இரண்டு வாரம் ஒதுக்கிவைத்து, இரவில் விளக்கெடுத்துப் பார்ப்பது நல்லது. பஞ்சாயத்து தன் செலவில் மண்ணோ உரமோ கொணரும்போதும் இதே கவனம் வேண்டும்.

வந்துவிட்டால் கையால் பொறுக்குவதே சிறந்த முறை. கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையை அடுத்த பத்து நாட்கள் மிகவும் ஏற்றவை. உறக்கம் கலைந்த நத்தைகள் பசியோடு வெளிவரும். முட்டையிடுவதற்கு முன்பே அவற்றைப் பிடித்துவிடலாம். நனைத்த சாக்கைத் தரையில் விரித்து, பப்பாளி இலையையோ முட்டைக்கோசுக் கழிவையோ அதன்கீழ் வைத்தால் இரவில் வந்து கூடும். விடியலில் கையுறையோ பாலிதீன் உறையோ அணிந்து பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் இட வேண்டும். உப்பை வயலில் தூவுவோர் சிலர் உண்டு. நத்தை சாகும், மண்ணும் கெடும். அந்த வழி வேண்டாம்.

வாழைத்தண்டிலும் மரத்தண்டிலும் சுவரிலும் ஒரு சதவீதப் போர்டோ கலவையைப் பூசினால் நத்தை ஏறத் தயங்கும். மயில்துத்தம் ஒரு கிலோவை 50 லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பு ஒரு கிலோவை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியைக் கலவையில் தோய்த்துப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் சற்றுச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். துத்தம் மீனுக்கு நஞ்சாகையால் குளத்தில் கலக்க விடலாகாது. கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் புகையிலைக் கஷாயத்தோடு துத்தம் கலந்து தெளிக்கும் முறையைப் பரிந்துரைத்துள்ளனர். மெட்டால்டிஹைடு என்னும் குருணை மருந்து கடைகளில் கிடைக்கிறது. பலனளிப்பதுதான், ஆனால் நாயும் கோழியும் கன்றும் தின்றால் இறந்துவிடும். வேளாண்மை அலுவலரைக் கலந்து, அவர் சொல்லும் அளவில், கால்நடை அணுகாத இடத்தில் மட்டும் இடலாம்.

ஒரு விவசாயி தன் தோட்டத்தில் எவ்வளவு பாடுபட்டாலும், பக்கத்துப் புறம்போக்கும் பொதுக் கால்வாய்க் கரையும் குப்பைமேடும் அப்படியே இருந்தால் பத்தே நாளில் மீண்டும் வந்து நிறையும். அங்கேதான் பஞ்சாயத்தின் வேலை தொடங்குகிறது. கிராம சபையில் பேசி ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் பொறுக்குவதற்கு நாள் குறிக்க வேண்டும். இடிந்த செங்கற் குவியல்கள், மட்டைக் குவியல்கள் முதலியவற்றை அகற்ற வேண்டும். பொறுக்கியவற்றைத் தெருவில் நசுக்கிப் போட்டால் உடலுக்குள் இருக்கும் முட்டைகள் பிழைத்துப் பொரிவதும், எலிகள் கூடுவதும் நேரும். குடிநீர்க் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில் இரண்டு அடிக்குக் குறையாமல் குழி வெட்டி, நத்தைகளை இட்டு, சுண்ணாம்புத் தூள் தூவி மண்ணால் இறுக மூட வேண்டும். ஒவ்வொரு நாளும் எந்தத் தெருவில் எத்தனை வாளி என்று எழுதிவைத்தால், இரண்டாம் மழைக்குப்பின் எங்கே ஆட்களை அனுப்புவது என்பது அந்தக் கணக்கிலிருந்தே தெரியவரும். காலி ஓடுகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றைக் கொதிநீரில் அலசி உலர்த்தி, பெயர் எழுதி, பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். புதியது எதையேனும் கண்ட சிறுவர்கள் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து முதலில் வந்து சொல்பவர்களாக இருப்பார்கள்.